ஈவும் இரக்கமும்

சாகக் கிடக்கிறவருக்கு ஒரு வாய் ஆகாரம் வேண்டுமானால் கணக்குப் போட வேண்டுமாம். அண்ணனைப் பார்க்க வந்த தங்கை அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார் அண்ணன். ஓய்வு பெறும்வரை கணக்கு வாத்தியார். பக்கத்தில் கிண்ணமும் கரண்டியுமாக அண்ணி.

"சொல்லுங்க. நூத்திப்பதிமூணு?"

உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம் கழித்து, "தொண்ணூத்திமூணு மீதி" என்றார். அதற்குப் பிறகுதான் கரண்டி வாய்க்குப் போனது.

"ஈவிரக்கமே கிடையாதா அண்ணி?"

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "ஈவும் வருது, மீதியும் வருது. இரக்கம்தான் எந்தக் கணக்குலயும் வரலை."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படிக்குப் போனதும் அண்ணியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். பெற்றவள் இருந்திருந்தால் இப்படிப் பட்டினி போடுவாளா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

அண்ணி கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். டாக்டர் கைவிரித்த அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பயந்துபோய் அவருடைய பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரிடம் ஓடினாள். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதிலும் வகுபடாத பெரிய எண் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். மறந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இது எதில் வகுபடும், கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னாள். ஒரு எண்ணால் வகுத்துப் பார்த்தால் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று பேச்சு.

"எதுலயும் வகுபடாது. அது அவருக்குத் தெரியாது. தேடுற வரைக்கும் சாப்பிடுவாரு. சொல்லிடாதே."

கழுவிய கிண்ணத்தை வாங்கித் துடைத்து வைத்தாள் தங்கை.

அவர் இருநூறைத் தாண்டினார். முன்னூறைத் தொடவில்லை.

துக்கம் கேட்க வந்த டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள் அண்ணி.

"நீங்க குடுத்த நம்பர்தான் டீச்சர் அவரை இத்தனை நாள் வச்சிருந்தது. ஒரு லட்சத்து நாலாயிரத்து இருநூத்து எழுபத்தொம்பது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

டீச்சர் நிமிர்ந்தாள். "எழுநூத்து இருபத்தொம்பது இல்லையாக்கா?"

"இல்லையே. இருநூத்து எழுபத்தொம்பது. அதைத்தானே அவர்கிட்ட சொன்னேன்."

டீச்சர் மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். இது வகுபடுமா என்று தங்கைதான் கேட்டாள்.

"ஏழுல போயிடும். மீதியே இல்லாம."

அண்ணி காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

"ஏழா? அது முதல் நாளே ஆச்சே டீச்சர். என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம், 'மூணு மீதி'ன்னு சொல்லிட்டு வாயைத் திறந்தாரு."