மேல் தட்டு மெழுகுவர்த்தி

டோரத்தி தாத்தாவுக்கான மெழுகுவர்த்தியைக் கோயிலின் கீழ்த் தட்டு மணலில் குத்தி நிறுத்தினாள்.

மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு. கீழ்த் தட்டு இறந்தவர்களுக்கு. அமெரிக்காவில் பிறந்தவளுக்கு இதாவது தெரிந்திருக்கிறதே என்று உள்ளூர்க் கிழவர் விடாக் நினைத்துக்கொண்டார்.

சற்று முன்புதான் அவளுக்கு வழியோரக் கல்லைக் காட்டிவிட்டு வந்திருந்தார். தூர தேசத்தில் செத்தவர்களுக்கு இந்த ட்ரெனோவா ஊரில் பாதையோரம் கல் நடுவார்கள். அடியில் எதுவும் இருக்காது.

கவ்ரிலோ, அமெரிக்கச் சுரங்கத்தில் மாண்டான், 1911. இக்கல்லை நட்டவள் மனைவி ஸ்டமேனா. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

டோரத்தியின் தாத்தாவும் கவ்ரிலோதான், சுரங்கத்துக்குப் போனவர்தான். ஆனால் அவளுடைய அப்பா பிறந்ததே 1917-இல். செத்தவன் ஆறு வருஷம் கழித்துப் பிள்ளை பெறுவானா? டோரத்தியின் முகம் சுண்டிப்போயிற்று.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டால் அவள் தாத்தா ஆளுக்கொரு பெயர் சொல்வாராம். மகனிடம் ஒன்று, பாதிரியாரிடம் ஒன்று, அரசாங்கத்திடம் இன்னொன்று. கோயில் வாசலில் நிற்கும் இரட்டை அக்ரூட் மரத்தை மட்டும் மாற்றாமல் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் பேத்தி கடல் தாண்டி வந்திருந்தாள்.

இதற்கு முன் போன மூன்று ஊரிலும் அவளைக் கட்டிப்பிடித்து அழுது, பிளம் சாராயம் ஊற்றிக்கொடுத்து, எங்கள் ரத்தம் என்று உறவு கொண்டாடினார்கள். மரம்தான் இல்லை. இங்கே மரம் இருக்கிறது, ஆள் ஒத்துவரவில்லை.

"விடுங்க தாயி. இந்தப் பக்கம் ஒரு கல்லை விட்டெறிஞ்சா நாலு கவ்ரிலோ மேல விழும்," என்றார் விடாக்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவள் பேசியது தாத்தாவிடம் கற்ற பேச்சு. ஊரில் இப்போது கிழவர்கள்கூடப் பேசாத பழைய பேச்சு.

"எங்க தாத்தா மேல் தட்டுலதான் ஏத்துவாரு ஐயா. ஒரு ஞாயித்துக்கிழமை தப்பாது. யாருக்கு தாத்தான்னு கேட்டா, 'என்னைப் பொதைச்சவளுக்கு'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. கிழவருக்குக் குசும்பு ஜாஸ்தின்னு நாங்க விட்டுருவோம்."

விடாக் சிரிக்கவில்லை.

அவர் கையிலும் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. அம்மாவுக்காக வாங்கியது. கல்லை நட்ட அந்த ஸ்டமேனாதான் அவருடைய அம்மா.

சாவுச் செய்தி வந்தது. கல் நட்டாள். அழுதாள். அடுத்த வருஷம் இதே கோயிலில் ஓப்ராட் என்பவரைக் கட்டிக்கொண்டாள். அவர்களுக்குப் பிறந்த மூத்த பிள்ளை விடாக். ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. போனவனுக்காக ஒரு இளம்பெண் எத்தனை காலம்தான் குந்தியிருப்பாள்?

முதல் புருஷனை அவள் மறந்துவிடவும் இல்லை. வாரா வாரம் பெயரை முணுமுணுத்துக்கொண்டே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ஆனால் மேல் தட்டில் ஏற்றுவாள்.

சின்ன வயதில் விடாக்குக்கு மானம் போகும். அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுப்பார். செத்தவங்களுக்குக் கீழம்மா, கீழ.

"கண்ணு சரியாத் தெரியலடா," என்பாள் அம்மா. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒரே குத்தில் ஊசி கோத்துவிடுகிறவள்.

அதே தேன்மெழுகு வாசனைதான் இப்போதும் வந்தது. அவளுடைய சட்டைக் கையில் எப்போதும் அந்த வாசனை இருக்கும். அவள் இருந்தவரை அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

"தாத்தா எப்போ தவறினாரு?" என்று கேட்டார்.

"அம்பத்திரெண்டு ஆரம்பத்துல. பனிக்காலம்."

ஐம்பத்திரண்டு, ஊருக்கு மின்சாரம் வந்த வருஷம். கோயிலுக்குள் முதல் பல்பு எரிந்த அந்த ஈஸ்டர் அன்று, அம்மா குனிந்து, மெழுகுவர்த்தியைக் கீழ்த் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு வெகுநேரம் நிமிரவே இல்லை. பல்பு வெளிச்சத்தில் அம்மாவுக்குக் கடைசியில் கண் தெரிந்துவிட்டது என்று அன்று விடாக் சந்தோஷப்பட்டார். அவளுக்கு எப்படியோ செய்தி வந்திருந்தது என்று இப்போதுதான் புரிந்தது.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. டோரத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பெரூனிகா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். புருஷன் உயிரோடு இருக்கும்போதே இன்னொருவனைக் கட்டியவள் என்று அம்மாவைப் பேசுவார்கள். வாயைத் திறக்காவிட்டால் இந்தப் பெண் ஐந்தாவது ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள். அவள் தேடி வந்த ஊர் இதுதான். அது இனி எங்கே கிடைக்கும்?

விடாக் அம்மாவின் மெழுகுவர்த்தியை டோரத்தியுடையதன் சுடரிலேயே ஏற்றி, அதன் பக்கத்தில் குத்தினார். இரண்டும் ஒரே உயரத்தில் எரிந்தன.

"பஸ்ஸு போனாப் போவட்டும் தாயி. அந்தக் கல்லு உன் தாத்தாவோடதுதான்."

அவள் பை தோளிலிருந்து நழுவியது.

"அப்போ அவரு வாரா வாரம் சிரிச்சுக்கிட்டே சொன்னாரே, பொதைச்சவள்னு... அது யாரு ஐயா?"

பெரூனிகாவுக்கும் கேட்கட்டும் என்று விடாக் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"எங்கம்மா."