மாமனார் காலடிக்கு ஒரு கேக் தட்டு

"என் கேக் தட்டு எங்கே?"

சமையலறையில் இருந்ததை எல்லாம் உருட்டிப் பார்த்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். காருக்கு அடியிலிருந்து புருஷனின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே கிடந்தது தட்டு, சரிபாதியாக வெட்டப்பட்டு.

"அடப்பாவி மனுஷா! இருந்தது அது ஒண்ணுதானே! இனிமே எதுல கேக் பண்ணுவேன்?"

"கோவிச்சுக்காதேம்மா," என்று காரின் அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது. "நல்ல கனமான அலுமினியம். சைலன்சர் குழாய்க்கு மேல இதை அடிச்சா சூடு உள்ள ஏறாது."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பழைய கார் அது. கொஞ்ச தூரம் ஓடினாலே இடது பக்கத் தரை அடுப்பாகிவிடும். காரின் முன்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போகிற ஒரே பொம்பளை இந்த ஊரிலேயே அவள்தான். மாதக்கணக்கில் புலம்பிப் புலம்பி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் புருஷன் காதிலும் விழுந்திருக்கிறதே! தட்டு போனால் போகிறது.

"சரி சரி. என் பக்கம் நல்லா இறுக்கமா அடிங்க."

அவள் குனிந்து பார்த்தாள். டார்ச் வெளிச்சம் முன்சீட்டுக்கு அடியில் இல்லை. பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. அது அவள் அப்பா உட்காருகிற இடம்.

"அங்கே என்ன பண்றீங்க?"

"இது மாமா பக்கம்."

"சரி, ஒரு பாதி அப்பாவுக்கு. இன்னொரு பாதி எனக்குத்தானே?"

"இல்லம்மா. ரெண்டும் இங்கேதான். ஒண்ணுக்கு மேல ஒண்ணு, நடுவுல போல்ட்டு நட்டை வச்சு இடைவெளி விட்டு அடிக்கணும். அப்பத்தான் சூடு சுத்தமா நிக்கும்."

இறங்கிப் போன கோபம் வட்டியோடு திரும்பி வந்தது.

வாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளை? எனக்குச் சூடே தெரியலையே! அவளுக்குப் போட்டுக் குடுங்க."

மாப்பிள்ளை விஷயத்தில் அப்பா எதைத்தான் குறை சொல்லியிருக்கிறார்? மாப்பிள்ளை உப்பில்லாமல் சமைத்தாலும் பிரமாதம் என்பார். வழி தவறி ஊரையே சுற்றினாலும், "நாலு இடம் பார்த்த மாதிரி ஆச்சு" என்பார். அப்பா இங்கே தங்க வந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஐஸ் வைத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

"கேட்டீங்களா? அவரே வேண்டாங்கறார். கால் வேகுதுன்னு கத்தினது நானு. தட்டு என்னோடது. மரியாதை மட்டும் மாமனாருக்கா?"

"கேட்டுது, கேட்டுது," என்றான் அவன். டிரில்லர் சத்தம் போட்டது.

அவள் சட்டென்று குனிந்து, வெளியே கிடந்த பாதித் தட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இது என் பாதி. என் சீட்டுக்கு அடிக்கறதா இருந்தா தரேன். இல்லேன்னா இதுல பாதி கேக்காவது பண்ணிக்கறேன்."

"சின்னப் புள்ளை மாதிரி அடம் புடிக்காதே. குடு."

"மாட்டேன். இந்த வீட்டுல உங்களுக்கு நான் யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் கேட்டு முடித்தபோது அது நிஜக் கேள்வியாகிவிட்டது. இத்தனை நாள் வாய்விட்டுச் சொன்ன தன் பேச்சு எடுபடாமல், வாயே திறக்காத அப்பாவுக்குக் கவனிப்பு நடக்கிறதே என்று இருந்தது.

மகளின் குரல் மாறியதைக் கவனித்த அப்பா பேப்பரை மடித்தார். "நான் போய்த் தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று மெதுவாக உள்ளே நழுவினார்.

டிரில்லர் நின்றது. அவன் முகமெல்லாம் துருப்பொடியாக வெளியே வந்தான். வாசல் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார். நீ இப்படிக் கேட்டா நான் என்ன பண்றது? போன வாரம் உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தோமே, அன்னிக்கு மாமா கால் கழுவறப்போ பார்த்தேன். உள்ளங்கால்ல இவ்ளோ பெரிய கொப்புளம்."

"ஐயோ! கார்லயா?"

"ஆமா. மருந்து போட்டு விட்டேன். நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"சுட்டா காலை நகத்திக்க வேண்டியதுதானே! மாப்பிள்ளை வண்டியைக் குறை சொல்லிடக் கூடாதுன்னு வாயை மூடிட்டே வந்தாராக்கும். அப்படி என்ன பாசமோ!"

"பாசத்துல மூடிட்டு வரலைம்மா. உனக்குச் சுட்டா நீ காலைத் தூக்கிக்கறே, என்னையும் நாலு திட்டு திட்டறே. அவருக்குக் கால் மரத்துப்போய்ச் சுட்டதே தெரியல. கொப்புளத்தை நான் காட்டின அப்புறம்தான் அவரே குனிஞ்சு பார்த்தார்."

அவள் பாதித் தட்டை அவன் கையில் கொடுத்தாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது பத்துமா? உங்க கண்ணுல படக் கூடாதுன்னு பரண்ல புதுத் தட்டு ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன். அதையும் வெட்டி அங்கேயே அடிங்க."