ஒன்று நாற்பது

கடைசி வாய்ப்பு.

அவள் இடது காலை மண்ணில் லேசாக ஊன்றிப் பார்த்தாள். சாக்ஸுக்குள் இறுக்கிக் கட்டியிருந்த துணி வியர்வையில் நனைந்து தளர்ந்திருந்தது. கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது.

எதிரே கம்பி. ஒரு மீட்டர் நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.

ஏற்கெனவே இரண்டு முறை தட்டி விழுந்தாயிற்று.

இதையும் தட்டினால் மாநிலப் போட்டி இல்லை. மாநிலப் போட்டி இல்லையென்றால் விளையாட்டு விடுதி இல்லை. விடுதி இல்லையென்றால் சித்தி வேலை பார்க்கும் பனியன் கம்பெனிதான். அம்மா பேசி முடித்துவிட்டாள். அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது.

காலைப் பற்றி யாருக்கும் தெரியாது. போன வாரம் பள்ளி மைதானத்தில் தனியாகத் தாண்டிக்கொண்டிருந்தபோது பிசகியது. தனியாகவே நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சொன்னால் போட்டிக்கு விட மாட்டார்கள்.

இந்தக் கால் மூன்று தாண்டலுக்குத் தாங்கும் என்று அவளே முடிவு செய்தாள். மூன்றையும் சில்லறை உயரங்களில் வீணாக்கக் கூடாது என்றும் அவளே முடிவு செய்தாள். போன வருடம் இதே போட்டியில் ஜெயித்தவள் தாண்டியது ஒன்று நாற்பத்தைந்து. எனவே ஆரம்பமே அதுதான்.

பி.டி. மிஸ் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்.

போன வருடம் ஜெயித்தவளோ வயது கூடி அடுத்த பிரிவுக்குப் போய்விட்டாள். மைதானத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். இவளுக்கு மட்டும் தெரியாது. யாரிடமாவது ஒரு வார்த்தை பேசியிருந்தால்தானே!

காலையிலிருந்து சின்ன உயரங்கள் வந்தன, போயின. பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் கையை மட்டும் உயர்த்தினாள். இந்த உயரம் வேண்டாம், அடுத்ததற்கு வருகிறேன் என்று அர்த்தம். அப்படி விட்டுவிட விதியில் இடமுண்டு. விட்ட உயரத்துக்குத் திரும்பி வர இடமில்லை.

ஒன்று முப்பத்தைந்தில் எல்லோரும் கழன்றுகொண்டார்கள். தாண்டியது ஒரே ஒருத்தி. ஜெனிபா என்ற பெயர், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண்.

கம்பி ஒன்று நாற்பதுக்கு ஏறியது. ஜெனிபா முதல் முறை தட்டிவிட்டாள். அடுத்து இவள் பெயர்.

கயிற்றுக்கு வெளியே நின்ற மிஸ் தொண்டை கிழியக் கத்தினார். "அடியே, இதத் தாண்டுடி! அந்தப் புள்ளைக்கு இதுக்கு மேல வராதுடி!"

ஒன்று நாற்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பள்ளி மைதானத்தில் உடம்பைச் சூடுபடுத்தத் தாண்டுகிற உயரம். ஆனால் நாற்பத்தைந்து என்று மனதுக்குள் சொல்லியாயிற்று. அவள் வீம்பு இறங்கி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கையை உயர்த்தினாள்.

மிஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெனிபா நாற்பதை மூன்று முறையும் தட்டினாள். அழுதுகொண்டே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

இப்போது இவளும் கம்பியும்தான்.

ஓடினாள். வளைவில் திரும்பினாள். இடது காலை ஊன்றினாள்.

கால் தூக்கிவிட்டது. தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்கவில்லை.

மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். வயிற்றின் மேல் கம்பி கிடந்தது.

எதையுமே தாண்டாதவளுக்கு இடம் கிடையாது. இரண்டாவது இல்லை. கடைசிகூட இல்லை.

முதலிடம் முப்பத்தைந்தோடு நின்றவளுக்கு. வேப்பமரத்தடியில் ஒரே கூச்சல். ஜெனிபா கண்ணீரைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டதும் பேரே குடுக்க வேணாம்னு இருந்தேன்க்கா."

அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மிஸ் பையைத் தூக்கிக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பரிசளிப்பு முடிந்தது. மைதானம் காலியாயிற்று. மெத்தையும் தூண்களும் மட்டும் அப்படியே இருந்தன. தூரத்தில் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் போய்க் கம்பியை எடுத்தாள். இரண்டு தூண்களிலும் தாங்கியை இறக்கினாள். ஒன்று நாற்பது. கம்பியை மேலே வைத்தாள்.

நொண்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றாள்.

தட்டிவிட்டால் நிம்மதி. எப்படியும் தோற்றிருப்பேன், கால்தான் காரணம் என்று ஆயுளுக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

தாண்டிவிட்டால்?

ஓடினாள்.

வளைவில் திரும்பும்போதே உடம்புக்குத் தெரிந்துவிட்டது, தாண்டிவிடும் என்று.

சட்டென்று நின்றாள்.

கழுத்துக்கு நேராகக் கம்பி இருந்தது. ஆடவில்லை, அசையவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு கையால் தட்டிவிட்டாள்.

கம்பி தரையில் விழுந்து உருண்ட சத்தத்துக்கு நாற்காலிக்காரர் திரும்பினார். "என்ன பாப்பா, தாண்ட முடியலையா?"

காலையிலிருந்து அவள் வாயே திறந்திருக்கவில்லை.

"முடியலண்ணா."