ஆறு சோப்பு, ஒரு ஜோடி கையுறை

“நிச்சயம் ஆன பொண்ணு, மாப்பிள்ளையோட பிறந்தநாளுக்கு சோப்பு அனுப்புவாளா மச்சி?”

தோல் பதனிடும் டேனரியின் கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜெயசீலன் மேஜைமேல் பார்சலைப் பிரித்து வைத்திருந்தான். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்சா கூரியரில் அனுப்பியது. பளபளக்கிற தாள், சிவப்பு ரிப்பன் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

உள்ளே ஆறு சோப்பு.

கூட வேலை பார்க்கும் நவநீதன் எண்ணிப் பார்த்தான். “ஒண்ணு ரெண்டுன்னா தெரியாம அனுப்பிட்டாளோன்னு விட்டுடலாம். ஆறு ஜாஸ்திடா.”

“டேனரில வேலை செய்யறவனுக்கு சோப்பு குடுத்தா இன்னா அர்த்தம்?”

“நீ நாறுறேன்னு அர்த்தம்.”

“நீ சொல்லாதடா!”

“நான் எங்க சொன்னேன்? அவ சொல்றா.”

நவநீதனுக்கு இதுவரை எந்தப் பெண்ணும் எந்தப் பரிசும் அனுப்பியதில்லை. அதனாலேயே காதல் விஷயத்தில் அந்த டேனரிக்கே அவன்தான் ஆலோசகன்.

ஒரு சோப்பை எடுத்து மோந்து பார்த்தான். திருப்பி வைத்து இன்னொரு தடவை மோந்தான்.

“தோஸ்த், இதுல வாசனையே இல்ல.”

ஜெயசீலனும் வாங்கி மோந்தான். செங்கல்லை மோந்தது போல இருந்தது.

“பாத்தியா? சாதா வாசனை சோப்பெல்லாம் உன்கிட்ட எடுபடாதுன்னு மருந்து சோப்பா பாத்து அனுப்பியிருக்கா.”

பெட்டியின் அடியில் ஒரு ஜோடி வெள்ளைத் துணிக் கையுறை.

“இது எதுக்குடா?”

நவநீதன் கொஞ்சம் யோசித்தான். “கல்யாணத்துக்கு அப்புறம் அவ கையைப் பிடிக்கணும்னா, இதை மாட்டிக்கிட்டுப் பிடிக்கணும்.”

கையுறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. மாத்திரைக் கவரில் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாள்: ‘காலை, இரவு, இரண்டு வேளை. மறக்க வேண்டாம்.’

ஜெயசீலன் டீயைத் தொடவில்லை.

இதற்கு முன் மூன்று இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. மூன்று வீட்டிலும், “தம்பி நல்ல தம்பிதான், ஆனா டேனரி...” என்று இழுத்துக்கொண்டே கைக்குட்டையை மூக்குப் பக்கம் கொண்டுபோனார்கள். அதனால் அக்சா வீட்டுக்குப் போன அன்றைக்கு இரண்டு தடவை குளித்து, பஜாரில் வாங்கிய அத்தரில் பாதி பாட்டிலைச் சட்டைமேல் கொட்டிக்கொண்டு போனான். அவள் சித்தப்பா பதினேழு தடவை தும்மினார். அக்சா மட்டும் பக்கத்தில் வந்து நின்று, “காபியா, டீயா?” என்று நிதானமாகக் கேட்டாள்.

சுளிக்காத அந்த முகத்துக்காகத்தான் அங்கேயே சம்மதம் சொன்னான். இப்போது அவளும் சோப்பு அனுப்பிவிட்டாள்.

“நேரா கேட்டுடு. கல்யாணத்துக்கு அப்புறம் பேஜார் ஆவறதுக்கு, இப்பவே முடிச்சுக்கோ,” என்றான் நவநீதன்.

நேராகக் கேட்கவும் ஜெயசீலனுக்குத் தைரியமில்லை. நான்கு நாள் அவள் போனை எடுக்காமல் இருந்தான்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு அக்சாவே பஸ் ஏறி ஆம்பூர் வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜெயசீலன் பார்சலை அவள் பக்கம் தள்ளினான்.

“இந்தா, உன் சோப்பு. இந்தக் கல்யாணம் வேணாம்னு நானே வீட்ல சொல்லிடறேன். உன்மேல எந்தப் பழியும் வராது.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “யார் சொன்னாங்க உங்ககிட்ட?”

“யாராவது சொல்லணுமா? நான் நாறுறேன்னா வாயால சொல்லியிருக்கலாம். அதுக்கு ரிப்பன் கட்டணுமா?”

அக்சா அவனை உற்றுப் பார்த்தாள். “அவ்ளோதானா? இதுக்கா நாலு நாளா போன் எடுக்கல?”

“வேற இன்னா வேணும்?”

“நான் மறைச்ச விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேங்க. நாலு நாளா சாப்பாடே இறங்கல.”

“இன்னா மறைச்ச?”

அவள் ஜூஸ் கிளாஸைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “கொரோனா வந்துட்டுப் போனதுலருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. பால் தீஞ்சாலும் தெரியாது, கேஸ் கசிஞ்சாலும் தெரியாது. இந்தப் பொண்ணு எப்படிக் குடும்பம் நடத்தும்னு கேப்பாங்க, வெளிய சொல்லாதேன்னு அம்மா சொல்லிட்டாங்க. நீங்க நாறுவீங்களா, மணப்பீங்களான்னு சத்தியமா இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

ஜெயசீலன் பார்சலைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தான்.

“அப்போ சோப்பு?”

“ஈரத்தோலோட பதம் விரலுக்குத்தான் தெரியும்னு பெருமையா சொல்லிக்கிட்டு, ரப்பர் கிளவுஸே மாட்டாம தோல் ஊறற சுண்ணாம்புத் தொட்டில கையை விடறீங்களே! வாசனை சோப்பு போட்டா இன்னும் எரியும். அதான் தோல் டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினேன். படுக்கும்போது எண்ணெய் தடவிக்கிட்டு மாட்டத்தான் கையுறை.”

“என் கை எரியுதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே?”

“போன மாசம் எங்க வீட்ல சாப்பிட்டீங்களே, ஆம்பூர்க்காரர் பிரியாணியை ஸ்பூனால சாப்பிடறாரு, இன்னா ஸ்டைலுன்னு எல்லாரும் உங்க ஸ்பூனையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் அதைப் பிடிச்சிருந்த, வெடிச்சுச் சிவந்த விரலைப் பாத்தேன்.”