செம்பள்ளத்துக்கு வழி

“இந்தப் பள்ளத்துக்கு வண்டி போற வழி தெரியுமாக்கா?”

ஜீப்பிலிருந்து குதித்தவன் போனை நீட்டினான். பஞ்சம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று உயர்ந்த மண்சுவர், நடுவில் மணல்.

“இதுவா? எங்க ஊருக்கு அங்கிட்டுல்ல இருக்கு,” என்றாள்.

அவள் ஊர் கீழமுள்ளிப்பட்டி. தாயில்பட்டி ரோட்டிலுள்ள இந்த பஸ் ஸ்டாப்பிலிருந்து கரிசல் காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும் பன்னிரண்டு பெண்கள் அங்கிருந்து தினமும் நடந்து வந்துதான் கம்பெனி வண்டியைப் பிடித்தார்கள். இன்று பஞ்சம்மாளின் காலில் முள் தைத்துவிட்டது. அவள் வருவதற்குள் வண்டி போய்விட்டது.

“இந்த மாசம் இது மூணாவது தடவை. திங்கக்கிழமைலேருந்து வண்டிய விட்டா வேலையையும் விட்டுரணும்,” என்று மேனேஜர் இப்போதுதான் போனில் சொல்லி முடித்திருந்தார். ஊருக்குள் வண்டி அனுப்பக் கேட்டதற்கு, “மேப்புல ரோடே இல்லாத ஊருக்கு வண்டி விட நான் என்ன கிறுக்கனா?” என்றார்.

ஜீப்காரன் பெயர் விக்னேஷ்வரன். கூட்டாளிகள் இருவரோடு சென்னையிலிருந்து வந்திருந்தான். ரோடு இல்லாத இடமாகப் பார்த்து வண்டி ஓட்டுவது அவர்களுடைய பொழுதுபோக்கு. வேறொரு கூட்டம் இந்தப் படத்தைப் போட்டு, ‘தாயில்பட்டிப் பக்கம். முடிந்தால் கண்டுபிடி’ என்று சவால் விட்டிருந்ததாம்.

“நல்லா இருக்குற ரோட்ட விட்டுட்டு இல்லாத ரோட்டத் தேடி அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்தீகளாக்கும்?”

“உங்களுக்குப் புரியாதுக்கா. இது அட்வென்ச்சர்.”

“அதத்தான் நாங்க தெனம் காலையில நடந்தே செய்யிறோம். பேருதான் தெரியாமப் போச்சு.”

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலிருந்து யாருடைய ஆடுகளோ மேலேறி வந்தன. குளம்பெல்லாம் செம்மண். ஜீப்பை உரசிக்கொண்டு ரோட்டைக் கடந்தன.

“ஆட்ட விரட்டுங்கக்கா, பெயிண்ட் போயிடும்,” என்று பதறினான் விக்னேஷ்வரன்.

பஞ்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “போற வழி உங்க போன்ல பதியுமா தம்பி?”

“பதியும். அப்படியே மேப்புல ஏத்திடுவோம். யார் முதல்ல ஏத்துறாங்களோ அவங்க கண்டுபிடிச்ச ரூட்டுதான் அது.”

“எல்லாரு போன்லயும் தெரியுமா?”

“உங்க போன்ல தெரியாதுக்கா.” அவளுடைய பட்டன் போனைக் காட்டி மூன்று பேரும் சிரித்தார்கள்.

அவள் கண்மாய்க் கரையோடு கூட்டிப் போனாள். கெட்டித் தரை, குலுங்கவே இல்லை. ஓடை வந்ததும் பாறை பரவிக் கிடந்த இடத்தைக் காட்டினாள்.

விக்னேஷ்வரனுக்கு முகம் சுருங்கியது. “என்னக்கா, ரோடு மாதிரியே இருக்கு. அந்த மணல்ல இறக்கட்டுமா?”

“இறக்குங்க. பொறவு தள்ளிவிட எங்கூரு ஆம்பளையாளுகளத்தான் கூப்பிடணும். அவுக உங்களப் பாத்துச் சிரிச்சு முடிக்கவே சாயந்தரம் ஆயிரும்.”

அவன் பாறை மேலேயே ஓட்டினான்.

ஒரு இடத்தில் கருவேலமரங்கள் வழியை அடைத்திருந்தன. மூவரும் பளபளக்கும் கோடரிகளோடு உற்சாகமாக இறங்கினார்கள். கால்மணி நேரத்தில் கையெல்லாம் கொப்புளம்.

“இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டுங்க.”

“ஜீப்புக்கு இது போதும்க்கா.”

“பெயிண்டு போயிரும்ல,” என்றாள் பஞ்சம்மாள், நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தபடி.

அகலமாகவே வெட்டினார்கள்.

கீழமுள்ளிப்பட்டியைத் தாண்டியதும் செம்மண் பள்ளம் வந்தது. விக்னேஷ்வரன் போனையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “போட்டோவுல இன்னும் பெருசா இருந்துச்சே.”

“போட்டோவுல நீங்ககூடத்தான் பெரிய ஆளாத் தெரியிறீக.”

கூட்டாளிகள் சிரித்ததும் அவன் போனைப் பைக்குள் திணித்தான். சுவரில் வரிசையாகக் கோடுகள் இருந்தன. “காத்து அரிச்சது. பத்தாயிரம் வருஷமாவது இருக்கும்,” என்று ஒருவன் தடவிப் பார்த்துச் சொன்னான். மூவரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, பள்ளத்துக்கு ஒரு பெயரும் வைத்து, வந்த தடத்தை அங்கிருந்தபடியே மேப்பில் ஏற்றினார்கள். அவளுக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லாமல் கிளம்பிப் போனார்கள்.

பஞ்சம்மாள் மேனேஜருக்குப் போன் போட்டாள். “இப்ப மேப்பப் பாருங்க சார்.”

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குக் கம்பெனி வண்டி கீழமுள்ளிப்பட்டிக்குள் வந்து நின்றது. பன்னிரண்டு பெண்களும் காலில் தூசி படாமல் ஏறினார்கள். டிரைவர் அய்யாதுரை போனை முறைத்துக்கொண்டிருந்தார்.

“மெட்ராஸ் ஜீப்பே போயிருக்கு, உனக்கென்னன்னு மேனேஜர் வெரட்டி விட்டுட்டாரு. ‘தென்னகத்தின் செம்பள்ளத்தாக்கு’ன்னு போட்டிருக்கே, இந்த ஊர்ல ஏது? அடுத்த ஊரு ரோட்டு வேலைக்கு ஜேசிபி வச்சு மண்ணு அள்ளுன குழிதான கெடக்கு?”

“அதத்தாண்ணே காட்டுனேன்.”

“அப்ப அவனுக தேடி வந்த பள்ளம் எங்கன இருக்கு?”

பஞ்சம்மாள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

“பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலண்ணே.”