ஆறில்லாத குன்று

லிமா நகரத்து மொட்டைக் குன்றின் உச்சியில், பலகை வீட்டு வாசலில், சத்துர்னினா இறந்துபோன புருஷனின் துணிகளைத் துவைக்கிறாள். ஐந்தாம் நாள் எல்லாத் துணியையும் ஓடுகிற தண்ணீரில் அலசினால்தான் போனவர் நிம்மதியாகப் போவார் என்பது அவர்கள் மலையூர் வழக்கம். அங்கே ஆறு இருந்தது. இங்கே நீல ட்ரம்மின் அடியில் கிடப்பதுதான். தண்ணீர் லாரி நாளை மறுநாள்தான் வரும். பக்கத்து வீட்டு எவுலாலியா ஜக்கால் மேலிருந்து ஊற்றுகிறாள், அதுதான் ஆறு. கால்சட்டையின் சிமெண்டுத் தூள் கரைந்து சரிவில் இறங்க, நாலடி போவதற்குள் மணல் குடித்துவிடுகிறது. பனிமூட்டம் முகத்தில் படிகிறது. ஒரு ஜக்குக்கும் தேறாத ஈரம். உள்ளே குழந்தை சிணுங்குகிறது.

“சட்டை ஒண்ணுதான் பாக்கி. ட்ரம்முல ஒரு வாளி இருக்குக்கா” என்கிறாள் எவுலாலியா.

“அது புள்ளைக்குக் கஞ்சி வைக்க.”

“சட்டைய விட்டா அவரு இங்கயே சுத்துவாரு. எங்க வீட்டுல அரை வாளி இருக்கு, கொண்டாரேன்.”

“உன் புள்ளைங்க என்னத்தக் குடிக்கும்? விடு. தண்ணி இல்லன்னா நான் என்ன பண்ண?”

சத்துர்னினா ஈரக் கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சட்டையைத் தொடுகிறாள். வியர்வைக் கறை படிந்த காலரை உள்பக்கமாக மடித்து, நெஞ்சோடு சேர்த்து உள்ளே கொண்டுபோகிறாள்.

“லாரி வந்ததும் மொத வேலையா அலசிடலாம்” என்கிறாள் எவுலாலியா வெளியிலிருந்து.

உள்ளிருந்து வருகிற “லாரி வரட்டும்” என்கிற குரல், துணிக்குள் முகம் வைத்துப் பேசுகிற குரலாக இருக்கிறது.