தண்ணீருக்கு ஒரு கம்பி

மீட்டரின் ஒரு முனையை நீச்சல் குளத்துத் தண்ணீரில் விட்டான். மறு முனையை எவர்சில்வர் ஏணியில் வைத்தான்.

அறுபத்து நான்கு.

முனைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

அறுபத்து நான்கு வோல்ட்.

நேற்றுக் காலை இதே இடத்தில்தான், குளத்தைச் சுத்தம் செய்யும் மயிலாத்தாள் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தண்ணீருக்குள் விட்டு இலை அள்ளியிருக்கிறாள். அப்படியே சரிந்துவிட்டாள். குடியிருப்புக்காரர்கள் ஓடி வந்தபோது மூச்சு இல்லை. விடிய விடிய எரிந்த நீரடி விளக்கை அதற்குப் பிறகுதான் யாரோ அணைத்தார்கள்.

சோதிப்பதற்காக இப்போது அவன்தான் அதைத் திரும்பப் போட்டிருந்தான். விளக்கின் கண்ணாடி மூடிக்குள் பாதி வரை தண்ணீர். கரண்ட் குளத்துக்குள் கசிவது அங்கிருந்துதான்.

எந்த விளக்கும் ஒரு நாள் பழுதாகும். அதற்காகத்தான் குளம் கட்டும்போதே ஏணி, கைப்பிடி, மோட்டார், தரைக்குள் கிடக்கும் இரும்பு எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைப்பது. தண்ணீரையும்தான். நீருக்குள் எப்போதும் முங்கியிருக்க ஒரு வெண்கலத் தகடு, அதிலிருந்து ஒரு கம்பி. அவ்வளவுதான். பிறகு ஏணியும் தண்ணீரும் ஒன்று. இரண்டையும் தொடுகிறவள் உடம்பில் பாய ஒன்றும் இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன் இந்தக் குளத்துக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீசியன் அவன். எல்லாவற்றையும் இணைத்தான். தகடு மட்டும் வந்து சேரவில்லை.

"தண்ணிக்கு எதுக்குய்யா ஒயரு?" என்றார் இன்ஜினியர். டைல்ஸ் ஆட்கள் காத்திருந்தார்கள்.

வேலை முழுமையாக முடிந்தது என்று எழுதி அவன் கையெழுத்துப் போட்டான்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அருகில் வந்து நின்றார். மீட்டரைப் பார்த்தார். பிறகு வேலியோரத்துச் செடிகளைப் பார்த்தார்.

"மாரடைப்புன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருங்க. பதினோரு மணிக்கு எடுக்கறாங்க. நீங்க இதச் சரி பண்ணி விட்ருங்க. உங்க கையெழுத்தும் இருக்குதில்லீங்களா."

மிரட்டவில்லை. நினைவுபடுத்தினார். போய்விட்டார்.

கையெழுத்தைப் பற்றிச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கசந்தது.

மோட்டார் அறையிலிருந்து மயிலாத்தாளின் மகள் பொன்மணி வெளியே வந்தாள். மின்மயானத்தில் ஆதார் அட்டை கேட்டிருந்தார்கள். அது அம்மாவின் பையில் இருந்தது. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"எங்கம்மாக்கு நெஞ்சுவலின்னு ஒருநாளும் வந்ததில்லீங்ணா. தண்ணில கரண்டு கிரண்டு ஏதாச்சுங்களா?"

மீட்டரைக் கவிழ்த்து வைத்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.

அவள் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

ஏணியை ஒட்டித் தண்ணீரில் மயிலாத்தாளின் ரப்பர் செருப்பு ஒன்று மிதந்தது. பொன்மணி பையைக் கீழே வைத்தாள். குனிந்தாள். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

அவன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். இருவரும் ஈரத் தரையில் விழுந்தார்கள்.

"தொடாத."

அவள் எழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தினான்.

அவள் பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

பைக்குள் துழாவிப் போனை எடுத்தாள்.

"மாமா," என்றாள். "அம்மாவ எடுத்துறாதீங்க."